முதியோர் இல்லத்தில் படுக்கைப் புண்: போர்வையை விலக்கிப் பார்ப்பது எப்படி

முதியோர் இல்லத்துக்கு அம்மாவையோ அப்பாவையோ பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தலை வாரியிருக்கிறது, பவுடர் போட்டிருக்கிறது, துவைத்த போர்வை போர்த்தியிருக்கிறது. அரை மணி நேரம் பேசி, கொண்டுபோன பழத்தை ஊட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். படுக்கைப் புண் அந்தப் போர்வைக்குள் இருக்கிறது. வால் எலும்பிலும் குதிகாலிலும் இடுப்பின் பக்கவாட்டிலும் வரும் புண்ணை யாராவது திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். இந்தக் குறிப்பு பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் எழுதியது. எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, தவறு நடந்திருந்தால் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

"வயசாயிட்டா இது வரத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். புண்ணுக்குக் காரணம் வயது இல்லை, ஒரே பக்கமாகக் கிடப்பது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது, ரத்தம் போகும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன, சில மணி நேரத்தில் அந்தச் சதை சாகத் தொடங்குகிறது. தோலைவிடத் தசை சீக்கிரம் சாகும். அதனால்தான் மேலே ரூபாய் நாணயம் அளவு தெரியும் புண், உள்ளே உள்ளங்கை அளவு குழியாக இருக்கிறது. உள்ளே நடந்த சேதம் வெளியே ஊதா நிறமாகத் தெரிய 48 முதல் 72 மணி நேரம்கூட ஆகும். இன்று தெரிவது இரண்டு மூன்று நாள் முன்பு நடந்ததாக இருக்கலாம். பின்னால் யார் மீது தவறு என்ற பேச்சு வரும்போது இந்தக் கணக்கு உதவும்.

சேர்க்கும் நாளில்

இல்லத்தில் சேர்க்கும் அன்றே, அவர்களுடைய நர்ஸும் நீங்களும் சேர்ந்து தலை முதல் கால் வரை தோலைப் பாருங்கள். இருப்பதைத் தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். "புண் எதுவும் இல்லை" என்றாலும் எழுத வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்தோ பக்கவாதம் வந்தோ மருத்துவமனையில் கிடந்துவிட்டு நேராக வருகிறவர்களுக்கு மருத்துவமனையிலேயே புண் தொடங்கியிருப்பது சகஜம். அது பதிவாகவில்லை என்றால் இல்லத்துக்கும் அநியாயம், உங்களுக்கும் குழப்பம்.

அன்றே கேட்க வேண்டிய இன்னொன்று பிரேடன் மதிப்பெண். உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசைவு, உணவு, உரசல் என்று ஆறு விஷயங்களைப் பார்த்து 6 முதல் 23 வரை போடும் கணக்கு. 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் புண் வர வாய்ப்பு உண்டு. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். இதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று நர்ஸ் சொன்னால், படுத்த படுக்கையானவரை அங்கே விடுவதைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

அப்புறம் ஆள் கணக்கு. பகலில் எத்தனை பேர் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இரவுக்குக் கேளுங்கள். ஒருவரைத் திருப்பி, தலையணை வைத்து, டயாப்பர் பார்த்து முடிக்க 5 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். படுத்தபடி 15 பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 75 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்றால், இரவு முழுக்க ஒரே ஆயா உட்காராமல், வேறு எந்த மணியும் அடிக்காமல் ஓடினாலும் மிஞ்சுவது 45 நிமிடம். கனமான உடம்பைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும் என்பதைச் சேர்த்தால் கணக்கு உதைக்கிறது. அலட்சியம் என்று நாம் திட்டுவதில் பெரும்பகுதி, போதுமான ஆள் போடாத நிர்வாகத்தின் தவறு. கோபத்தை அந்த ஆயா மீது காட்டினால், நீங்கள் கிளம்பிய பிறகு உங்கள் அம்மாவைத் தொடப்போவது அவர்தான்.

போகும்போதெல்லாம் பார்க்க வேண்டியவை

ஒரே நேரத்தில் போகாதீர்கள். ஞாயிறு காலை 11 மணிக்கு நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்தால் 10 மணிக்குக் குளிப்பாட்டி வைத்திருப்பார்கள். ஒரு நாள் மாலை 6, இன்னொரு நாள் காலை 7 என்று மாற்றிப் போங்கள்.

கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, நர்ஸை உடன் வைத்துக்கொண்டு, "அம்மா, முதுகைக் கொஞ்சம் பார்க்கிறேன்" என்று அனுமதி கேட்டுப் பாருங்கள். மகன் பார்ப்பது அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால் மகளோ மருமகளோ பார்க்கட்டும். கூச்சத்தால் பார்க்காமல் விட்ட புண்கள் நிறைய உண்டு.

மல்லாந்து படுப்பவருக்கு வால் எலும்பு, குதிகால், முழங்கை, தோள்பட்டை எலும்பு, பின்தலை. ஒருக்களித்துப் படுப்பவருக்கு இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும் இடம், காது மடல். நாற்காலியில் உட்காருபவருக்குப் புட்டத்தின் அடியில் உள்ள இரண்டு எலும்புகள். ஆக்சிஜன் குழாய் போட்டிருந்தால் காதின் பின்புறத்தையும், மூக்கில் உணவுக்குழாய் இருந்தால் நாசித் துவாரத்தின் ஓரத்தையும், சிறுநீர்க் குழாய் இருந்தால் அது தொடைக்கடியில் மாட்டிப் பள்ளம் போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சிவந்திருக்கும் இடத்தை விரலால் 3 விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்கவே இல்லை என்றால் அது முதல் நிலைப் புண், தோல் கிழியாவிட்டாலும்கூட. ஆனால் நம் நிறத்துத் தோலில் பலருக்கு இந்தச் சிவப்பு தெரியவே தெரியாது. பாடப்புத்தகப் படங்களை நம்பி ஏமாறுவது இங்கேதான். மாநிறத்திலும் கறுப்பிலும் தேட வேண்டிய அடையாளங்கள் வேறு: சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருத்தோ ஊதா பூத்தோ பளபளப்பாகவோ இருக்கும், புறங்கையால் தொட்டால் சூடாகவோ, மாறாகச் சில்லென்றோ இருக்கும், அழுத்தினால் கெட்டியாகவோ சேறு மாதிரி கொழகொழப்பாகவோ இருக்கும், தொட்டதும் முகம் சுளிப்பார். நல்ல வெளிச்சம் வேண்டும். ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள், இல்லையென்றால் போன் டார்ச்.

உடம்பைப் பார்த்த பிறகு கட்டிலைப் பாருங்கள். திருப்பும் அட்டவணையை வாங்கிப் பாருங்கள். 2, 4, 6, 8 என்று நிமிடம் பிசகாமல், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், இரவு பகல் பேதமில்லாமல் இருந்தால் அது ஒரே மூச்சில் நிரப்பிய அட்டவணை. உண்மையான அட்டவணையில் 2.10 இருக்கும், 4.25 இருக்கும், "சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பிறகு" என்று இருக்கும், ஆள் மாறும்போது எழுத்து மாறும். நீங்கள் மாலை 5 மணிக்குப் போகும்போது 6 மணிக் கட்டத்திலும் டிக் இருந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. அட்டவணையில் "இடது பக்கம்" என்று எழுதியிருக்க, அவர் மல்லாந்து கிடந்தாலும் அப்படித்தான்.

வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பார்ப்பவர்கள் முகத்தோடு நிறுத்தாமல் நான்கைக் காட்டச் சொல்லுங்கள்: குதிகால் இரண்டும், அன்றைய அட்டவணை, ஏர் பெட் (காற்று மெத்தை) இருந்தால் அதன் பம்பு, சாப்பிட்டு முடித்த தட்டு. முதுகைக் கேமராவில் காட்டச் சொல்ல வேண்டாம். அதற்கு 15 நாளுக்கு ஒருமுறை உள்ளூர் உறவினர் ஒருவர் நேரில் போகட்டும்.

திருப்பிப் படுக்க வைக்கும் முறை

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது தொடக்க விதி. திருப்பிய அரை மணி நேரத்துக்குப் பிறகும் பழைய இடத்தின் சிவப்பு போகவில்லை என்றால் அவருக்கு 2 மணி நேரம் அதிகம், ஒன்றரையாகக் குறைக்க வேண்டும். நல்ல மெத்தை இருந்து தோலும் தாங்கினால் மருத்துவர் இரவில் இடைவெளியைக் கூட்டலாம். அதை ஆள் பற்றாக்குறையை வைத்து இல்லம் முடிவு செய்யக் கூடாது.

இடது பக்கம் திருப்புவதாக வைத்துக்கொள்வோம்.

1. என்ன செய்யப் போகிறோம் என்று அவரிடம் சொல்லுங்கள். பேச முடியாதவரிடமும் சொல்ல வேண்டும். திடீரென்று திருப்பினால் உடம்பை விறைப்பாக்கிக்கொள்வார்.

2. கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கிச் சமமாக்குங்கள்.

3. தோள் முதல் தொடை வரை விரித்த குறுக்கு விரிப்பை இரண்டு பேர் இரு பக்கமும் சுருட்டிப் பிடித்து, தூக்கி, வலது ஓரத்துக்கு நகர்த்துங்கள். இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் மெத்தையில் ஒட்டிக்கொள்ள, எலும்பு மட்டும் நகரும். உள்ளே ரத்தக்குழாய் முறுக்கிக்கொண்டு கிழியும். அக்குளில் கைவிட்டு மேலே இழுப்பது இன்னும் மோசம்.

4. வலது முழங்காலை மடக்கி, வலது கையை மார்பின் மேல் வைத்து, தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிடித்து உருட்டுங்கள்.

5. முதுகின் பின்னால் நீளவாக்கில் தலையணை வைத்து, அதன் மேல் சற்றுச் சாய விடுங்கள். முழுக்க ஒருக்களித்தால் எடை எல்லாம் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் இறங்கிவிடும். வேண்டியது 30 டிகிரி, கடிகார முள் 3-லிருந்து 2-க்கு ஏறும் சாய்வு. சரியாக இருக்கிறதா என்று பார்க்க அடியில் கையை விடுங்கள்: வால் எலும்பும் மெத்தையில் படக் கூடாது, பக்க எலும்பும் அழுந்தக் கூடாது, புட்டத்தின் சதைப் பகுதி தாங்க வேண்டும்.

6. அடியில் உள்ள இடது தோளையும் கையையும் மெதுவாக முன்னால் எடுத்துவிடுங்கள். முழங்கால்களுக்கும் கணுக்கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணை.

7. கெண்டைக்கால் முழுக்கத் தாங்கும்படி அடியில் தலையணை வைத்து, முழங்கால் லேசாக மடங்கியிருக்க, குதிகால் அந்தரத்தில் தொங்க வேண்டும். குதிகாலுக்கும் விரிப்புக்கும் நடுவில் ஒரு தாள் தடையில்லாமல் போய்வர வேண்டும். குதிகாலுக்கு அடியிலேயே தலையணை வைப்பதுதான் நாம் எங்கும் பார்க்கும் தவறு; மெத்தைக்குப் பதில் தலையணை அழுத்தும், அவ்வளவுதான்.

8. காது மடல் மடங்கியிருக்கிறதா, விரிப்பில் சுருக்கம், நைட்டியின் பட்டன், பிஸ்கட் துகள், குழாய் ஏதாவது அடியில் இருக்கிறதா என்று பார்த்து, நேரத்தையும் பக்கத்தையும் எழுதுங்கள்.

சாப்பிடும் நேரம் தவிரத் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது. உயர்த்தினால் உடம்பு சரிந்து கீழே வழுக்கும், வால் எலும்பின் மேல் தோல் உரசும். உணவுக்குழாய் வழியாக ஊட்டுபவருக்கு, பால் நுரையீரலுக்குள் போகாமலிருக்க ஊட்டும்போதும் அதன் பிறகு ஒரு மணி நேரமும் உயர்த்தி வைக்கத்தான் வேண்டும். அப்போது முதலில் முழங்கால் பக்கத்தை லேசாக உயர்த்திவிட்டுப் பிறகு தலையை உயர்த்தினால் சரிவது குறையும்.

"நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம், படுக்கையில் இல்லை" என்பது பதில் இல்லை. உட்காரும்போது சின்ன இடத்தில் எடை அதிகமாக இறங்குகிறது. தானாக அசைய முடிந்தவர் 15 நிமிடத்துக்கு ஒரு முறை எடையை மாற்ற வேண்டும். முடியாதவரை மணிக்கு ஒரு முறை எழுப்பியோ சாய்த்தோ உட்கார வைக்க வேண்டும்.

ஏர் பெட் வாங்கிக் கொடுத்துவிட்டால் திருப்ப வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அது திருப்பும் வேலைக்குத் துணை, பதில் இல்லை. பம்பின் விளக்கு எரிகிறதா பாருங்கள். போன் சார்ஜர் போட அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறந்துபோவது வாடிக்கை. வால் எலும்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி விடுங்கள்; எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதாது. மேலே கெட்டி ரப்பர் ஷீட், அதன் மேல் போர்வை, அதன் மேல் டவல் என்று அடுக்கினால் காற்று மெத்தை இருந்தும் பயனில்லை. நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை வேண்டவே வேண்டாம்: ஓரம் அழுத்த, நடுவுக்குப் போகும் ரத்தம் நிற்கிறது.

ஈரமும் சாப்பாடும்

சிறுநீரிலும் மலத்திலும் ஊறிய தோல் நனைந்த அப்பளம் மாதிரி, உரசினாலே பிய்ந்துவிடும். டயாப்பரை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் தொட்டுப் பார்க்க வேண்டும்; மலம் கழித்தால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். கழுவிய பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, துத்தநாக ஆக்சைடு உள்ள பாதுகாப்புக் களிம்பை மெல்லிதாகத் தடவலாம். இரண்டு டயாப்பரை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டுவதைக் கண்டால் உடனே கேளுங்கள். இரவில் மாற்றுவதைத் தவிர்க்கச் செய்யும் குறுக்கு வழி அது. சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்வது அன்பினால் செய்வதுதான், ஆனால் ஏற்கனவே நசுங்கிய சதையை அது இன்னும் சிதைக்கும்.

புண் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மில்லி பாலில் 6, 100 கிராம் மீனில் சுமார் 20, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணத்தில் 7. அரிசிக் கஞ்சியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. "நல்லா சாப்பிடுறாங்க, மூணு வேளையும் கஞ்சி குடிக்கிறாங்க" என்பது நல்ல செய்தி இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டு அளவு வையுங்கள். மாதம் ஒரு முறை எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம், அதாவது 50 கிலோவில் இரண்டரை கிலோ குறைந்தால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

புண் வந்துவிட்டால்

தோல் முழுதாக இருந்து நிறம் மட்டும் மாறினால் முதல் நிலை. மேல்தோல் உரிந்தோ கொப்புளமாகவோ இருந்தால் இரண்டாவது. கொழுப்பு தெரியும் குழி மூன்றாவது. தசை, தசைநார், எலும்பு தெரிந்தால் நான்காவது. மேலே கறுப்புப் பொருக்கோ மஞ்சள் கசடோ மூடியிருந்தால் எவ்வளவு ஆழம் என்று அப்போது சொல்ல முடியாது. அது சின்னப் புண் என்று அர்த்தமில்லை.

வாரம் ஒரு முறை ஒரே நிலையில் படுக்க வைத்து அளக்க வேண்டும்: தலை-கால் வாக்கில் நீளம், குறுக்கே அகலம், நர்ஸ் ஸ்டெரைல் பஞ்சுக் குச்சியை விட்டுப் பார்க்கும் ஆழம், எல்லாம் சென்டிமீட்டரில். ஓரத்தின் அடியில் குடைந்திருந்தால், தலை 12 மணி, பாதம் 6 மணி என்று வைத்து "3 மணிப் பக்கம் 2 செ.மீ." என்று எழுதுவார்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள். அந்தப் படம் மருத்துவருக்கும் புகாருக்கும் மட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அது அவருடைய மானம்.

கழுவ நார்மல் சலைன் என்ற கிருமி நீக்கிய உப்புநீர் போதும்; திறந்த பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள் தூள், சாம்பல், மாத்திரையை நுணுக்கித் தூவுவது எதுவும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். "காயட்டும்" என்று மின்விசிறிக்கு நேரே திறந்து போடுவதும் தவறு, ஈரப்பதம் உள்ள புண்தான் ஆறும். குழியில் காஸ் துணியை இறுக்கித் திணிக்கக் கூடாது, தளர்வாக நிரப்ப வேண்டும். டிரெஸ்ஸிங்கின் மேல் தேதியும் நேரமும் எழுதச் சொல்லுங்கள். எழுதாத டிரெஸ்ஸிங், ஓரம் சுருண்டு அழுக்கேறிய பிளாஸ்திரி, அடுத்த விரிப்பு வரை கசிந்த கறை ஆகியவை மாற்றவில்லை என்பதைத் தாமே சொல்லும். வலி உள்ளவருக்கு டிரெஸ்ஸிங்குக்கு அரை மணி நேரம் முன்பே வலி மாத்திரை கொடுக்க வேண்டும். துர்நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் ஜெல் எழுதித் தரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். குதிகாலில் காய்ந்து இறுகி, சுற்றிலும் சிவப்போ சீழோ இல்லாத கறுப்புப் பொருக்கைப் பிய்க்க விடாதீர்கள்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், திடீர் நாற்றம், காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். ஆளே குழம்பிப் பேசினாலோ, தட்டி எழுப்பியும் விழிக்காவிட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உடம்பு சில்லிட்டுச் சிறுநீர் குறைந்தாலோ தொற்று ரத்தத்தில் கலந்திருக்கலாம். முதியவர்களுக்கு இதில் காய்ச்சலே வராமலும் இருக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், "காலையில் டாக்டர் வருவார்" என்பதற்குக் காத்திருக்காதீர்கள்.

எப்போது அலட்சியம், யாரிடம் புகார்

கடைசி நாட்களில் இருப்பவருக்கு, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்போது, எவ்வளவு கவனித்தும் தோல் விட்டுப்போவது உண்டு. ஆகவே புண் வந்ததே குற்றம் என்று தொடங்க வேண்டாம். ஆபத்தைக் கணித்தார்களா, அதற்குத் திட்டம் போட்டார்களா, போட்டதைச் செய்தார்களா, புண் வந்ததும் திட்டத்தை மாற்றிக் குடும்பத்துக்குச் சொன்னார்களா? இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட எழுத்தில் சான்று இல்லை என்றால் அது அலட்சியம். நான்காம் நிலைப் புண்ணை நீங்களே போர்வை விலக்கிக் கண்டுபிடித்தாலோ, புண்ணில் புழு இருந்தாலோ விவாதமே இல்லை. ஈ முட்டையிட்டுப் புழுவாக ஏறக்குறைய 8 முதல் 24 மணி நேரம் ஆகும். கண்ணுக்குத் தெரிய வளர்ந்திருந்தால் அதற்கும் மேலாக யாரும் திறந்து பார்க்கவில்லை.

கண்ட அன்றே வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் மின்னஞ்சலிலோ கடிதத்திலோ எழுதுங்கள். இவ்வளவு போதும்:

"இன்று மாலை 6 மணிக்கு என் தாயாரின் வால் எலும்புப் பகுதியில் 4 செ.மீ. × 3 செ.மீ. அளவு புண்ணைக் கண்டேன். இதுவரை எனக்குத் தகவல் இல்லை. 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்த்து, புண்ணின் நிலையையும் அளவையும் எழுதித் தர வேண்டும். கடந்த 30 நாள் திருப்பும் அட்டவணை, டிரெஸ்ஸிங் பதிவு, எடைப் பதிவு ஆகியவற்றின் நகல் வேண்டும். இன்று முதல் எத்தனை மணிக்கொரு முறை, யார் திருப்புவார்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்."

மருத்துவமனையில் சேர்த்தால், சேர்க்கும்போதே புண் இருந்தது, எந்த நிலை, என்ன அளவு என்று டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இதை மறந்தால் பின்னால் மருத்துவமனையும் இல்லமும் ஒன்றையொன்று கைகாட்டும். மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ன் இந்திய மருத்துவக் குழும ஒழுங்குமுறைகள் மருத்துவர்களுக்குச் சொல்கின்றன.

இல்லம் அசையவில்லை என்றால், முதியோர் உதவி எண் 14567 காலை 8 முதல் இரவு 8 வரை எடுக்கும். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலரிடமும், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டிச் சேர்த்திருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். மாதக் கட்டண ரசீதுகளே முதல் ஆவணம். இலவச இல்லத்துக்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது. பராமரிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, நோயால் இயலாதவரை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 357-ஆவது பிரிவில் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சேர்க்கும்போது போட்ட ஒப்பந்தத்தில் "படுக்கை நோயாளி பராமரிப்பு" என்ற சொல் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

கோபத்தில் அன்றே ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். உட்கார்ந்து வரும் அந்த ஒரு மணி நேரமே புண்ணை ஆழமாக்கும். ஆம்புலன்ஸில், ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்த பின் டிரெஸ்ஸிங்குக்கு ஆள் கிடைக்காவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி நிவாரணச் செவிலியர் இருக்கிறார்.

இரண்டாம் நிலைப் புண் ஒழுங்காகப் பார்த்தால் சில வாரத்தில் மூடும். மூன்றும் நான்கும் மாதக் கணக்கில் இழுக்கும். இரண்டு வாரத்தில் அளவு கொஞ்சமும் குறையவில்லை என்றால் டிரெஸ்ஸிங், மெத்தை, சாப்பாடு, திருப்பும் இடைவெளி எல்லாவற்றையும் மருத்துவரோடு உட்கார்ந்து மாற்ற வேண்டும். மூடிய பிறகும் அந்தத் தழும்பு பழைய தோலின் பலத்துக்கு வராது. அழுத்தம் பட்டால் அதே இடம் முதலில் திறக்கும். அதனால் புண் ஆறியது என்று சொல்லி அட்டவணையைக் கழற்றினால் மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.